மூன்றாவது குரல்

குடும்பத்தோடு வெளியே கிளம்புகிறவர்கள் தண்ணீர் பாட்டில், தொப்பி, நொறுக்குத்தீனி என்று எடுத்து வைப்பார்கள். லிஃப்ட் மெக்கானிக் முதலில் எடுத்து வைப்பது கவலையைத்தான். அது எந்தப் பையிலும் அடங்காது என்பதால் முகத்தில் வைத்துக்கொண்டு வருவார். பதினாறு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஊரே நம்பி ஏறுகிற பெட்டியைத் தாங்கும் கம்பிவடம் எந்த லட்சணத்தில் தேய்ந்திருக்கும் என்று கிட்டத்தில் பார்த்தவருக்கு, உலகத்தில் எதையும் நம்பி ஏற மனம் வராதுதான். அதற்காகப் பூங்காவிலிருக்கும் சறுக்குமரத்தை நாலு பக்கமும் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளை ஏற விடுவேன் என்றால், பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அவருடைய மனைவி இரண்டு பெஞ்சு தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டு, இந்த ஆள் யாரென்றே தெரியாது என்பதுபோல் போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. தொழிலில் இருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பழக்கம். லிஃப்ட் வேலை நடக்கும்போது ஒருவர் மேலே மோட்டார் அறையில் இருப்பார், ஒருவர் பெட்டியின் தலைமேல் நிற்பார், ஒருவர் அடியில் குழிக்குள் இருப்பார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. மின்சாரத்தைப் போடுவதற்கு முன்னால் மேலே இருப்பவர் "ஒண்ணு" என்று கத்துவார். பெட்டிமேல் நிற்பவர் "ரெண்டு" என்பார். குழியில் இருப்பவர் "மூணு" என்பார். மூன்று குரலும் வந்த பிறகுதான் சுவிட்சில் கை வைக்கலாம். அதில் ஒரே ஒரு சட்டம். ஒருவருக்காக இன்னொருவர் பதில் சொல்லக் கூடாது. சொன்னால் அன்றோடு சீட்டு கிழிந்துவிடும்.

சட்டம் சும்மா வரவில்லை. ஏழு வருடத்துக்கு முன்னால், குழியில் இருந்தவன் மேலேறி வந்ததைத் தான் பார்த்ததாகச் சொல்லி, பெட்டிமேல் நின்றவன் அவனுக்கும் சேர்த்து "மூணு" சொல்லிவிட்டான். மேலேறியவன் மறந்துபோன ஸ்பானரை எடுக்கத் திரும்ப இறங்கியிருந்தான். இரண்டு விரல் போயிற்று. சுவிட்சைப் போட்டது இவருடைய கை. யாரும் இவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த அலறல் பதினோரு மாடிக்கும் ஏறி வந்ததை அவர் மறக்கவில்லை. மூத்த பெண்ணுக்கு அப்போது மூன்று வயது. சின்னவள் பிறக்கவே இல்லை.

அதற்குப் பிறகுதான் வீட்டிலும் எண்ணிக்கை ஆரம்பித்தது. கடைத்தெரு, பேருந்து நிறுத்தம், மருத்துவமனை, எங்கே போனாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர் "ஒண்ணு" என்பார். மூத்தவள் "ரெண்டு" என்பாள். சின்னவள் "மூணு" என்பாள். மனைவி, "நாலு, நாலு, இன்னும் உயிரோடதான் இருக்கேன்" என்பாள். பக்கத்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் யாரையும் சட்டை செய்ய மாட்டார்.

மூத்தவளுக்குப் பத்து வயது. வீட்டில் அவளுக்கு மேனேஜர் என்று பெயர். பால் தீர்ந்தது, கரண்ட் பில் வந்தது, அப்பாவின் மூக்குக்கண்ணாடி குளியலறையில் இருக்கிறது என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். சின்னவளுக்கு ஐந்தரை. ஆள் சுண்டு விரல் அளவுக்குப் பிறந்ததால் சுண்டு. வருடம் முழுக்க மூக்கடைத்துக்கொண்டே இருப்பாள். அவள் சொல்கிற "மூணு" பாதி மூக்கு வழியாகத்தான் வரும்.

எண்ணிக்கை சரியாக வரும்வரை அவரும் மற்ற தகப்பன்களைப்போல ஒரு தகப்பன்தான். ஒரு குரல் பிசகினால் போதும், கதை முடிந்தது. போன வருடம் இதே ஊரில் குழந்தைகள் கண்காட்சிக்குப் போனபோது சுண்டுவின் குரல் வரவில்லை. வாயில் பஞ்சுமிட்டாய். அவருடைய காலுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். அவர் முகம் வெளுத்து, கை நடுங்கி, "போதும், வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டார். நுழைந்து இருபத்தைந்து நிமிடம்கூட ஆகவில்லை. நீச்சல்குளம் போனதும் அப்படித்தான், நூலகத்தில் பொம்மலாட்டம் பார்க்கப் போனதும் அப்படித்தான். மேனேஜர் அழவில்லை. தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு காருக்கு நடந்தாள். அதை அவர் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டார்.

இந்த வருடம் கண்காட்சி வந்த ஞாயிற்றுக்கிழமை மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டியூட்டி. மாற்றிக் கேட்டுப் பார்த்தாள், கிடைக்கவில்லை. காலையில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"அதுங்கள சந்தோஷமா வச்சுக்கங்க. பத்திரமா வச்சுக்கிறத நீங்க எப்படியும் செஞ்சிடுவீங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே."

"அதான் இல்லை. பாதியில கூட்டிட்டு வந்துட்டீங்கன்னா பெரியவளுக்கு நீங்கதான் பதில் சொல்லணும். ஒரு மாசமா நாள் எண்ணிட்டு இருக்கா."

நாள் எண்ணியது எதற்கு என்றால், விளையாட்டு மைதானத்தின் நடுவில் இந்த வருடம் புதிதாகப் போட்டிருந்த புதிர்ப்பாதைக்கு. இரும்புக் குழாய்களை நட்டு, நீலத் தார்ப்பாய் கட்டி, ஆள் உயரத்துக்கும் மேலே சுவர் எழுப்பியிருந்தார்கள். உள்ளே சந்துபொந்தாக வழிகள். சரியான வழியைக் கண்டுபிடித்துப் போனால் நட்டநடுவில் சாரம் கட்டிய உயரமான மேடை. அதில் ஏறி மணி அடிக்கலாம். மேனேஜரின் வகுப்பில் பாதிப் பேர் சனிக்கிழமையே வந்து அடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

நுழைவாயிலில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே மாதிரி மஞ்சள் தொப்பி கொடுத்தார்கள். லிஃப்ட் மெக்கானிக் புதிர்ப்பாதையை ஒரு சுற்று சுற்றி வந்து, குழாய்களை உதைத்துப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

"வரிசையா வரணும்," என்றார். "நான் முன்னாடி. நீ நடுவில. சுண்டு உன் சட்டையைப் பிடிச்சுக்கணும், விடவே கூடாது. ஒவ்வொரு திருப்பத்திலயும் எண்ணுவேன்."

"சரிப்பா."

"எண்ணிக்கை தப்புச்சுன்னா?"

"வீட்டுக்குப் போயிடலாம்," என்றாள் மேனேஜர். ஒப்பித்துப் பழகிய பாடம்.

உள்ளே நல்ல கூட்டம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் தார்ப்பாயில் ஒட்டிக்கொண்டுதான் வழிவிட வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் ஓடுகிற செருப்புக் கால்கள் அடியில் தெரிந்தன. வெயில் நீலத்துணி வழியாக வந்து எல்லோர் முகத்தையும் காய்ச்சல்காரர் முகமாக்கியிருந்தது. அவர் முன்னால் நடந்தார். ஒரு திருப்பம். "ஒண்ணு." "ரெண்டு." "மூணு." இன்னொரு திருப்பம். "ஒண்ணு." "ரெண்டு." "மூணு." எதிரே ஒரு குண்டு மனிதர் இரண்டு குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு திண்டாடி வந்தார். அவருக்கு வழிவிட்டு, மறுபடி "ஒண்ணு". "ரெண்டு". ஒரு கணம் தள்ளி, "மூணு".

அந்த இடத்தில் அவர் திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. தொழில் அப்படி. முகம் தெரியாத இடத்தில் குரலைத்தான் நம்ப வேண்டும் என்று பழகிய காது அவருடையது. குரல் வந்துவிட்டது, ஆள் இருக்கிறது, அவ்வளவுதான்.

சொல்லப்போனால் அதற்குப் பிறகுதான் அவருக்குக் குஷி பிறந்தது. முட்டுச்சந்து வந்தபோது சிரித்தார். "உங்கப்பனுக்கு லிஃப்ட்ல மேல கீழதான் தெரியும், இடது வலது வராது," என்றார். பின்னால் வந்த மேனேஜர் சிரிக்கவில்லை. களைத்திருப்பாள் என்று நினைத்தார். நடுவில் மனைவி போன் செய்தாள்.

"என்ன, கிளம்பிட்டீங்களா?"

"கிளம்புறதா? நடுவில நிக்கிறோம். மணி அடிக்காம வர மாட்டோம்."

"நீங்கதானா பேசுறது? போனை யாராவது திருடிட்டாங்களா?"

"எண்ணிக்கை சரியா இருக்கு," என்றார். சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

"அப்பா, சீக்கிரம் போங்க," என்றாள் மேனேஜர் பின்னாலிருந்து. "இல்ல, வந்த வழியிலயே ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வரலாமா?"

"எதுக்கு? அந்தப் பக்கம் அடைப்புதானே."

இன்னும் நாலு திருப்பம், நாலு எண்ணிக்கை. ஐந்தாவது திருப்பத்தில் மேடை வந்துவிட்டது. அவர் வெற்றி பெற்ற தளபதி மாதிரி ஏணியில் கை வைத்துக்கொண்டு திரும்பினார்.

மேனேஜர் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் யாரோ ஒரு அம்மா, கைக்குழந்தையோடு.

"சுண்டு எங்க?"

அவர் குனிந்து மேனேஜரின் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்.

"இப்பத்தானே மூணு சொன்னா. எங்க ஒளிஞ்சிருக்கா? விளையாடாதீங்க."

"அது நான்தாம்பா," என்றாள் மேனேஜர்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. மேனேஜர் மூக்கைச் சுருக்கி, மெதுவாக, "மூணு" என்று சொல்லிக் காட்டினாள். சுண்டுவேதான். அடைத்த மூக்கு, இழுத்த முதலெழுத்து, எல்லாம் அச்சு அசல்.

"எப்போதிலிருந்து?"

"அந்த ரெண்டு பாப்பாவைத் தூக்கிட்டு ஒருத்தர் வந்தாரே, அப்போதிலிருந்து. சட்டையை விட்டுட்டா. அடுத்த திருப்பத்தில வந்துடுவான்னு நினைச்சேன். வரல."

அவர் மனதுக்குள் கணக்குப் போட்டார். கால் மணி நேரம். கால் மணி நேரமாக ஐந்தரை வயதுப் பெண்ணைத் தொலைத்துவிட்டு, இடது வலது வராது என்று வேடிக்கை பேசிக்கொண்டு நடந்திருக்கிறார். மேனேஜரை அறைந்துவிடுவோமோ என்று அவருக்கே பயமாக இருந்தது. ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஒருத்தருக்காக இன்னொருத்தர் பதில் சொல்லக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"தெரியும்பா," என்றாள் அவள். அதற்கு மேல் நின்று பேச இருவருக்கும் நேரமில்லை.

மேடைமேல் ஏறினார். அங்கிருந்து புதிர்ப்பாதை முழுவதும் தெரிந்தது. சந்துகளில் மஞ்சள் தொப்பிகள் ஓடின. ஐம்பது இருக்கும், அறுபது இருக்கும். எல்லாம் ஒரே மஞ்சள். சிறிய தொப்பி எது, பெரிய தொப்பி எது என்றுகூட மேலே இருந்து பிரிக்க முடியவில்லை. மணி அடிக்க வரிசையில் நின்ற பிள்ளைகள் "அங்கிள், அடிங்க, இல்லைன்னா வழி விடுங்க" என்றார்கள். புதிர்ப்பாதைக்கு வெளியே மைதானத்து வாசல் அகலமாகத் திறந்து கிடந்தது. வாசலுக்கு அப்பால் சாலை. இந்தப் பக்கம் ஜெனரேட்டர் வண்டி, அதிலிருந்து தரையில் ஓடும் தடித்த கேபிள்கள். அந்தப் பக்கம் நீச்சல்குளத்துக் கம்பிவேலி. அதில் ஒரு இடத்தில் ஓட்டை இருப்பதை வரும்போதே பார்த்து வைத்திருந்தார். ஊரில் இருக்கிற ஆபத்தையெல்லாம் அவர் பார்த்து வைத்திருந்தார்.

மேடைக்குப் பின்னால் அவசர வழி ஒன்று நேராக வெளியே போனது. மேனேஜரின் கையைப் பிடித்துக்கொண்டு அதில் ஓடினார். ஒலிபெருக்கிக் கூடாரத்தில் கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"பதற்றப்படாதீங்க சார். காலையிலிருந்து பதினோரு குழந்தை, எல்லாம் கிடைச்சாச்சு. என்ன டிரஸ் போட்டிருக்கா?"

லிஃப்ட் மெக்கானிக் வாயைத் திறந்தார். நகரத்தில் இருக்கிற எண்பத்து நாலு லிஃப்ட்டில் எதன் கதவில் எந்த ஸ்க்ரூ மாற்றியது என்று அவரால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்ல முடியும். காலையில் இருந்து கூடவே வந்த குழந்தை என்ன நிறச் சட்டை போட்டிருந்தாள் என்று தெரியவில்லை. நீலமா? நீலம் போன வாரம். எண்ணிக் கொண்டிருந்தாரே தவிர, பார்க்கவே இல்லை.

"பச்சை கவுன், ரெண்டு பக்கமும் பாக்கெட்," என்றாள் மேனேஜர். "பிரவுன் செருப்பு. இடது செருப்பில வார் அறுந்து பின்னூசி போட்டிருக்கு. முன்பல் ஒண்ணு இல்ல. சுண்டுன்னு கூப்பிட்டாத்தான் திரும்புவா, நல்ல பேரைச் சொன்னா வேற யாரையோன்னு நினைச்சுப்பா."

அந்தப் பெண் மேனேஜரைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். ஒலிபெருக்கியில் அறிவித்தாள். மைதானம் முழுக்க சுண்டு, சுண்டு என்று ஒலித்தது. எங்கிருந்தும் யாரும் வரவில்லை.

வாசலுக்கு ஓடினார். கதவை மூடச் சொல்லிக் காவலாளியிடம் கேட்டார்.

"மூட முடியாதுங்க. உள்ள ரெண்டாயிரம் பேர் இருக்காங்க."

"ஒரு குழந்தையைக் காணோம். யாரையும் வெளிய விடாதீங்க, அவ்வளவுதான்."

"தனியா எந்தக் குழந்தையும் போகலைங்க. நான் பார்த்துட்டுத்தான் நிக்கிறேன்."

"தனியா போகலைன்னா? யாராவது கூட்டிட்டுப் போயிருந்தா?"

கேட்ட கேள்வி அவருடைய தலைக்குள்ளேயே சுற்றியது. மேனேஜர் அவர் கையை இழுத்தாள்.

"அப்பா, அவ உள்ளதான் இருப்பா. வெளிய வர்ற வழி அவளுக்குத் தெரியாது. வாங்க."

"அங்க எப்படித் தேடுறது? எல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

"எண்ணுங்க," என்றாள் அவள். "நீங்க எண்ணுனா அவ பதில் சொல்லுவா. நான் பேசாம இருக்கேன்."

மறுபடி உள்ளே நுழைந்தார்கள். சட்டைப் பையில் போன் அடித்தது. மனைவிதான். எடுத்து என்ன சொல்வது? அடித்து ஓயட்டும் என்று விட்டார். முதல் திருப்பத்தில் நின்று, அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"ஒண்ணு."

"ரெண்டு," என்றாள் மேனேஜர். உடனே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு எங்கோ துணிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பையன், "மூணு" என்றான். இன்னொரு பக்கம், "நாலு". அதற்குள் வேறு எங்கோ, "அஞ்சு". பிள்ளைகளுக்குப் புது விளையாட்டுக் கிடைத்துவிட்டது. நாலு திசையிலும் "மூணு, மூணு, மூணு" என்று கூச்சல். யாரோ ஒரு தகப்பனாரும் சேர்ந்துகொண்டு "நூறு" என்றார். சிரிப்பு. கேட்காத குரல் ஒன்றுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறவரைச் சுற்றி, அதே சொல்லை ஊர்ப் பிள்ளைகளெல்லாம் கத்தினால் என்னதான் செய்வது?

"அது அவ இல்ல," என்றாள் மேனேஜர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "அதுவும் இல்ல. நடங்கப்பா, அடுத்த இடத்தில எண்ணுங்க."

அடுத்த திருப்பத்திலும் அதே கூத்து. மூன்றாவது திருப்பம். நான்காவது. ஒவ்வொரு முறையும் அவள் கண்ணை மூடிக் கேட்டாள், தலையை ஆட்டினாள். ஐந்தாவது திருப்பத்தில் அவர் எண்ணியதும், கூச்சலெல்லாம் அடங்கிய பிறகு, மேனேஜர் சட்டென்று கண்ணைத் திறந்தாள்.

"அந்தப் பக்கம்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"மூக்கால சொன்னா. இன்னொரு தடவை எண்ணுங்க."

எண்ணினார். இப்போது அவருக்கும் கேட்டது. மெலிசாக, சலிப்போடு, மூக்கு வழியாக ஒரு "மூணு".

தார்ப்பாய் அடியில் ஒரு முழம் இடைவெளி இருந்தது. பதினாறு வருடம் குழிகளில் இறங்கிய உடம்பு தரையில் படுத்து அதற்குள் நுழைந்தது. சட்டை கிழிந்தது. அந்தப் பக்கம் ஒரு முட்டுச்சந்து. அதன் மூலையில் மஞ்சள் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கால் செருப்பைக் கையில் பிடித்தபடி சுண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னூசி கழன்றிருந்தது. அழுத தடம் கன்னத்தில் காய்ந்துபோயிருந்தது. இப்போது அழுகை இல்லை, கோபம்தான்.

அவர் அவளைத் தூக்கி நெஞ்சோடு அழுத்திக்கொண்டார். பச்சை கவுன். இரண்டு பக்கமும் பாக்கெட்.

"செருப்பு கழண்டுச்சு," என்றாள் சுண்டு அவர் தோளுக்குள்ளிருந்து. "எடுத்துட்டு நிமிந்தா யாரோட காலோ முன்னாடி போச்சு. அக்கான்னு நினைச்சு போயிட்டேன். அப்புறம் நீங்க ஒண்ணு சொன்னீங்க. நான் மூணு சொன்னேன். நீங்க வரவே இல்ல."

"சொன்னியா?"

"ஒவ்வொரு தடவையும் சொன்னேன். வேற யாரோ எனக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க. நீங்க போயிட்டீங்க."

முதல் முறை மேனேஜர் தங்கைக்காகப் பதில் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் நின்றிருப்பார். நின்றிருந்தால் துணிக்கு அந்தப் பக்கமிருந்து உண்மையான மூணு கேட்டிருக்கும். நாலடி தூரம். அவ்வளவுதான் இருந்திருக்கும்.

மேனேஜரும் தார்ப்பாய்க்கு அடியில் புகுந்து வந்துவிட்டாள். கிட்டே வரவில்லை. நாலடி தள்ளி நின்று, தன்னுடைய தொப்பியின் விளிம்பை மடித்துக்கொண்டிருந்தாள். தங்கை சொன்னதெல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

கேட்கத்தான் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. கோபமாகத்தான் ஆரம்பித்தார்.

"இதுக்கு முன்னாடி இப்படிப் பண்ணியிருக்கியா?"

தலையாட்டினாள்.

"எத்தனை தடவை?"

"நிறைய. கடையில, பஸ்ஸில. அவ பக்கத்திலதான் இருப்பா, வாயில ஏதாவது இருக்கும், இல்லைன்னா வேடிக்கை பார்த்துட்டு இருப்பா. நான் சொல்லிட்டு அப்புறம் கையைப் பிடிச்சுப்பேன். எப்பவும் பார்த்துட்டுத்தான் சொல்லுவேன்." தொப்பியை இன்னொரு மடிப்பு மடித்தாள். "இன்னிக்குத்தான் பார்க்காம சொன்னேன்."

"மணி அடிக்கணுங்கிறதுக்காகவா?"

"மணிக்கு இல்லப்பா. அது அடுத்த வருஷம்கூட அடிச்சுக்கலாம்." அவள் தொப்பியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "பதில் வரலைன்னா உங்க முகம் ஒரு மாதிரி ஆயிடும். கை ஆடும். கார் ஓட்டுறப்போ கூட ஆடும். அப்புறம் ராத்திரி சாப்பிட மாட்டீங்க. அம்மா உங்களைத் தேத்திட்டே இருப்பாங்க. அதான், உங்களுக்கு எதுவும் ஆகக் கூடாதுன்னு."

லிஃப்ட் மெக்கானிக் கீழே உட்கார்ந்துவிட்டார். கால் மணி நேரம் அவர் நிம்மதியாக நடந்து வந்தார். வாழ்க்கையில் அபூர்வமாகக் கிடைத்த நிம்மதி. அந்த நேரம் முழுக்க அவருக்கு இரண்டடி பின்னால் பத்து வயதுப் பெண் ஒருத்தி, தங்கையைத் தொலைத்த பயத்தைத் தனியாகச் சுமந்துகொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, அவர் கூப்பிடும்போதெல்லாம் இரண்டு குரலில் பதில் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். அவர் பயப்படக் கூடாது என்பதற்காக. பெற்ற பிள்ளைக்கு இப்படி ஒரு வேலையைக் கொடுத்துவிட்டோமே. எவ்வளவு நாளாக இந்த வேலையைப் பார்க்கிறாள்?

போன் மறுபடி அடித்தது. அவர் எடுக்கவில்லை. மேனேஜர் மெல்லக் கிட்டே வந்து, குனிந்து, அவருடைய முகத்தை உற்றுப் பார்த்தாள். டாக்டர் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"இப்ப உங்களுக்குப் பரவாயில்லையாப்பா?"

பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தார். அவளும் அதற்குத்தான் காத்திருந்தாள்.

"இல்லம்மா," என்றார். "எனக்குக் கை இன்னும் நடுங்குது. அது போகட்டும், அது என் பாடு. உனக்கு எப்படி இருக்கு?"

"எனக்கு என்ன, நான் நல்லா..." என்று ஆரம்பித்தாள் மேனேஜர். பால் தீர்ந்தது, பில் வந்தது என்று சொல்கிற அதே குரல். பாதியில் அது உடைந்தது. மறுபடி ஆரம்பித்துப் பார்த்தாள், முடியவில்லை. "பயமா இருந்துச்சுப்பா," என்றாள். "திரும்பிப் பார்த்தா அவ இல்ல. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ரொம்பப் பயமா இருந்துச்சு."

வாய்விட்டு அழுதாள். போன வருடம் அழவில்லை, நீச்சல்குளத்திலிருந்து வந்த அன்றைக்கும் அழவில்லை, எல்லாம் சேர்த்து அழுதாள். சுண்டு ஆச்சரியத்தோடு அக்காவைப் பார்த்தாள். அவர் சின்னவளை ஒரு தொடைக்கு நகர்த்திவிட்டு, மற்றொன்றைத் தட்டிக் காட்டினார். வளர்ந்த பெண்தான். மடியில் உட்கார்ந்து நாலைந்து வருடம் இருக்கும். தயங்கினாள். பிறகு, நீண்ட கால்கள் இரண்டும் தரையில் இழுபட, வந்து உட்கார்ந்துகொண்டாள்.